மூடாத கோப்பும் முடியாத இரவுப் பணியும்



வழக்கமாக இங்கு இலக்கணம், வாசிப்பு, கட்டுரைப் பயிற்சி ஆகியவற்றைப் பற்றியே எழுதி வருகிறேன். இம்முறை கணினியைப் பற்றி எழுத வேண்டியதாயிற்று. "கணினிக்கும் எனக்கும் வெகுதூரம்" என்று கூறி இப்பதிவைக் கடந்துவிடாதீர்கள். இது கணினி வல்லுநர்களுக்காக எழுதப்பட்டதன்று. ஒரு கோப்பு மூடப்படாமல் விடப்பட்டதால், ஒரு மாணவன் ஐந்து வாரங்களில் கற்றுக்கொண்டது அத்தனையும் பள்ளிப் பதிவிலிருந்து காணாமற்போன கதை இது. அதற்காக நான் ஒருவரைக் குற்றஞ்சாட்டிய கதையும் இதனுள் உண்டு. குற்றம் யாருடையது என்பது பிறகுதான் தெரிந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. பள்ளியின் பெயரும் மற்றவர் பெயரும் தேவையில்லை. இதே நிலைமை பல பள்ளிகளில் இன்றும் இருக்கக்கூடும் என்பதாலேயே எழுதுகிறேன்.

எங்கள் தரவுத்தளம்

கல்வியமைச்சின் இணையப் பதிவுகள் ஒருபுறமிருக்க, பள்ளிக்கென்று சொந்தமாக ஒரு தரவுத்தளம் வைத்திருந்தோம். மைக்ரோசாப்ட் அக்செஸ் மென்பொருளில் செய்யப்பட்டது. மாணவர் விவரம், சோதனைப் புள்ளிகள், வகுப்பறை மதிப்பீட்டின் அடைவுநிலைகள், குறைநீக்கல் வகுப்பின் குறிப்புகள் அனைத்தும் ஒரே கோப்பில் இருந்தன. அக்கோப்பு அலுவலகக் கணினியில் இருக்கும். ஆசிரியர் அறையிலுள்ள கணினிகளிலிருந்து வலையமைப்பின் வழி அதைத் திறந்து பயன்படுத்துவோம்.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டு அகற்றப்பட்டதை அனைவரும் அறிவீர்கள். அதற்கு முன்பு ஆறாம் ஆண்டில் எழுதும் தேர்வே ஒரு குழந்தையின் தொடக்கக் கல்விக்குச் சான்றாக நின்றது. இன்று வகுப்பறையில் ஆசிரியர் நாள்தோறும் கண்டு பதிந்து வைப்பது முக்கியச் சான்று. அடைவுநிலை 1 முதல் 6 வரை எந்தப் படியில் குழந்தை நிற்கிறது என்பதை ஆசிரியரின் கண்ணும் குறிப்புமே தீர்மானிக்கின்றன. தேர்வுத்தாள் தொலைந்தால் மறுதேர்வு வைக்கலாம். மார்ச்சு மாதம் ஒரு குழந்தை எப்படி வாசித்தது என்பதை மே மாதத்தில் மறுபடி பார்க்க முடியுமா?

குறைநீக்கல் வகுப்பை நடத்திய இளம் ஆசிரியை இதை நன்கு உணர்ந்தவர். அவர் எண்களை மட்டும் பதிந்துவிட்டுப் போகமாட்டார். "ணகர, நகர, னகர வேறுபாடு இன்னும் பிடிபடவில்லை." "மெய்யெழுத்து இரண்டு அடுத்து வந்தால் தயங்குகிறான்." "வகுப்பின் முன் நிற்கவைத்தால் வாசிக்கமாட்டாள். பக்கத்தில் அமர்ந்தால் வாசிப்பாள்." இப்படி ஒவ்வொரு குழந்தைக்கும் வாரந்தோறும் இரண்டு மூன்று வரிகள் எழுதுவார். அக்குறிப்புகளைப் படித்துத்தான் நானே பல குழந்தைகளைப் புரிந்துகொண்டேன்.

இரவு பத்து மணி வேலை

தரவுத்தளத்தைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டவன் நான். கணினி படித்தவன் அல்லேன். சிறிய பள்ளிகளில், ஓரளவு கணினி தெரிந்தவர் என்று பெயரெடுத்த ஆசிரியரின் தலையில் இப்பொறுப்பு வந்து விழும். நம்மில் பலருக்கும் இது தெரிந்ததே.

அக்செஸ் கோப்பில் ஒரு குணம் உண்டு. ஒரு பதிவை அழித்தாலும் அது இருந்த இடம் உடனே காலியாவதில்லை. கோப்பு பெருத்துக்கொண்டே போகும். 2 கிகாபைட் என்பது அதன் உச்ச வரம்பு. ஆகவே அவ்வப்போது அதைச் 'சுருக்க' வேண்டும். நைந்துபோன பதிவேட்டைப் பிரித்து, வேண்டாத தாள்களை நீக்கி, மீண்டும் தைத்துக் கட்டுவதற்கு ஒப்பான வேலை அது. யாரேனும் பதிவேட்டை மேசைமேல் விரித்து எழுதிக்கொண்டிருக்கும்போது அதைப் பிரித்துத் தைக்க இயலுமா? இயலாது. சுருக்கும் நேரத்தில் கோப்பு வேறெவர் கையிலும் இருக்கக்கூடாது.

எனவே எல்லாரும் வீடு திரும்பிய பின், இரவு 10 மணிக்கு, விண்டோஸின் 'டாஸ்க் ஷெட்யூலர்' வழியாகத் தானே நடக்கும்படி ஒரு வேலையை அமைத்தேன். முதலில் கோப்பைச் சுருக்க வேண்டும். அடுத்து அதன் நகலை வெளி வன்தட்டில் சேர்க்க வேண்டும். முதல் வேலை முடிந்த பிறகே இரண்டாவது தொடங்கும். அமைத்த அன்று இருமுறை சோதித்துப் பார்த்தேன். அருமையாக நடந்தது. அதன்பின் அதைப் பற்றி நான் நினைக்கவேயில்லை. தானே நடக்கும் வேலையை எதற்கு நினைக்க வேண்டும்?

மின்னல்

நம் நாட்டில் இடி மின்னலுக்குப் பஞ்சமில்லை. பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகலானால் வானம் கறுத்துவிடும். அப்படியொரு பிற்பகலில் விழுந்த மின்னலுக்குப் பின் அலுவலகக் கணினி எழவில்லை. கடைக்காரர் பார்த்துவிட்டு வன்தட்டும் போய்விட்டதென்றார்.

நான் கலங்கவில்லை. வெளி வன்தட்டில் நேற்றைய நகல் இருக்கிறதே! மின்னலின்போது அது மின்சாரத்தோடு இணைக்கப்படாமல் அலமாரியில் இருந்தது நல்வாய்ப்பு. பள்ளி எழுத்தர் காலையில் அதைக் கழற்றி வைப்பதும் மாலையில் பொருத்திவிட்டுப் போவதும் வழக்கம். புதிய கணினியில் அதைப் பொருத்தித் திறந்தேன். கோப்பின் தேதியைப் பார்த்தேன். ஐந்து வாரங்களுக்கு முந்தைய தேதி.

சோதனைப் புள்ளிகள் தாளில் இருந்தன. ஆசிரியர்கள் மூன்று நாள் அமர்ந்து மீண்டும் பதிந்தார்கள். குறைநீக்கல் ஆசிரியையின் குறிப்புகள் தாளில் இல்லை. நேரே கணினியில் எழுதும்படி அவரிடம் வற்புறுத்தியவனே நான்தான்.

அந்த ஐந்து வாரத்தின் நடுவே ஒரு மாணவன் பள்ளி மாறியிருந்தான். தந்தைக்கு வேலை வேறு மாநிலத்தில் கிடைத்ததால் குடும்பமே பெயர்ந்துவிட்டது. அவனுடைய விவரத்தைப் புதிய பள்ளி கேட்டபோது எங்களிடம் இருந்தது பழைய பதிவு. "உயிர்மெய் எழுத்துகளை அடையாளங்காண இயலவில்லை" என்பதே அதில் கடைசி வரி. உண்மையில் அவன் அந்த ஐந்து வாரத்தில்தான் திறந்துகொண்டான். ஈரெழுத்து, மூவெழுத்துச் சொற்களைத் தானாகக் கூட்டி வாசிக்கத் தொடங்கியிருந்தான். கடைசி நாள் ஆசிரியையிடம் கடைப் பலகை ஒன்றை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் போனானாம். அது எதுவும் பதிவில் இல்லை. வாசிக்கத் தெரியாதவன் என்னும் தாளோடு அவன் புதிய வகுப்பறைக்குள் நுழைந்தான்.

நான் செய்த பிழை

ஆசிரியர் கூட்டத்தில் நான் எழுந்து பேசினேன். கோப்பு திறந்திருந்தால் இரவு வேலை நடக்காது என்பது எனக்குத் தெரியும். ஆகவே யாரோ மூடாமல் போயிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். "கடைசியாகப் பயன்படுத்துபவர் மூடிவிட்டுச் செல்ல வேண்டும். இது பாலர் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த ஒழுங்கு" என்றேன். பெயர் சொல்லவில்லை. ஆனால் மாலை வரை பள்ளியில் இருந்து பதிவு செய்பவர் யாரென்று அங்கிருந்த அனைவருக்கும் தெரியும். என் பார்வையும் அவர் பக்கமே இருந்தது.

கூட்டம் முடிந்ததும் அவர் என்னிடம் வந்தார்.

"ஐயா, நான் ஒவ்வொரு நாளும் மூடிவிட்டுத்தான் போவேன்."

"தெரியாமல் விட்டிருப்பீர்கள், டீச்சர். பரவாயில்லை" என்றேன்.

அந்தப் 'பரவாயில்லை' இன்றும் என்னை உறுத்துகிறது. செய்யாத குற்றத்திற்கு மன்னிப்பு வழங்கும் பெருந்தன்மை எவ்வளவு கொடியது!

கணினித் திரைகளின் ஓரத்தில் 'பயன்படுத்தியபின் மூடவும்' என்று தாள் ஒட்டினோம். புதிய கணினியில் அதே இரவு வேலையை மீண்டும் அமைத்தேன். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் நகலின் தேதி மறுபடியும் பழையது.

அவ்வேளையில் எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர் ஒருவர், கணினித் துறையில் பணிபுரிபவர், தம் தங்கையின் மகளைச் சேர்ப்பதற்காகப் பள்ளிக்கு வந்தார். அவரிடம் முறையிட்டேன். மறுநாள் விடியற்காலை, யாரும் வருமுன்பே வந்து கோப்புறையைத் திறந்து காட்டினார். எங்கள் தரவுத்தளத்தின் அருகில் அதே பெயரில், வேறொரு நீட்சியோடு மிகச் சிறிய கோப்பொன்று இருந்தது. அதற்குப் பூட்டுக் கோப்பு என்று பெயராம். யாரேனும் தரவுத்தளத்தைத் திறந்தவுடன் அது தோன்றும். கடைசி ஆளும் மூடியவுடன் மறையும். திறந்தவருடைய கணினியின் பெயர் அதற்குள் எழுதப்பட்டிருக்கும். அவர் அதை நோட்பேடில் திறந்தார். புரியாத குறிகளுக்கு நடுவே ஒரு பெயர் தெளிவாகத் தெரிந்தது: 'பிலிக் குரு 2'.

ஆசிரியர் அறையின் இரண்டாம் கணினி. என்னுடையது.

திறக்காமல் திறந்தது

"நான் தரவுத்தளத்தைத் திறக்கவேயில்லையே, தம்பி" என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நம்பினேன். அவர் என் கணினியைப் பார்த்தார். அதில் எக்செல் கோப்பொன்று திறந்திருந்தது. வகுப்புவாரியாக அடைவுநிலைகளைத் தொகுத்து வரைபடமாகக் காட்டுவதற்கு நானே செய்துகொண்டது. தரவுத்தளத்திலிருந்து எண்களை இழுத்துக்கொள்ளும்படி அதில் ஓர் இணைப்பு அமைத்திருந்தேன்.

அவர் விளக்கினார். எண்களை இழுத்து முடித்ததும் இணைப்பு அறுந்துவிடும் என்று நாம் எண்ணுகிறோம். எக்செல் அவ்வாறு செய்வதில்லை. வேறு கட்டளை இடாதவரை, அந்த எக்செல் கோப்பு மூடப்படும்வரை இணைப்பைப் பிடித்துக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, அக்செஸ் கோப்போடு எக்செல் இயல்பாக அமைத்துக்கொள்ளும் இணைப்பு, 'நான் இருக்கும்வரை பிறர் இதில் எழுதக்கூடாது' என்னும் நிபந்தனையோடு அமைவது. நானோ எல்லாரும் போனபின் மாலையில் எண்களை இழுப்பேன். என் கணினி பழையது. அணைத்தால் மறுநாள் எழுவதற்கு வெகுநேரமாகும் என்று திரையை மட்டும் அணைத்துவிட்டுப் போவேன். காலையில் எல்லாருக்கும் முன்பே வந்து வரைபடத்தை அச்சிட்டுவிட்டு எக்செலை மூடுவேன். அதனால் பகலில் யாருக்கும் இடையூறு நேரவில்லை, யாரும் முறையிடவுமில்லை. இரவு பத்து மணிக்கு வந்த வேலைக்கு மட்டும் கதவு சாத்தியிருந்தது.

திரையில் நான் ஒட்டிய தாள் என் கண்ணெதிரேயே இருந்தது. அது எனக்கன்று என்று எண்ணியிருந்தேன்.

ஒரு மாலை, மூன்று இரவுகள்

இன்னொன்றும் எனக்குப் புரியவில்லை. வாரத்தில் ஓரிரு நாள்தானே நான் அப்படிச் செய்தேன்; மற்ற இரவுகளில் ஏன் நகல் எடுக்கப்படவில்லை?

இதற்கான விடைதான் எனக்குப் பெரும் பாடமாயிற்று. திங்கள் இரவு வேலை தொடங்குகிறது. கோப்பு பிடிபட்டிருப்பதால் சுருக்க முடியவில்லை. அக்செஸ் ஒரு பிழைச்செய்தியைக் காட்டி, யாரேனும் 'சரி' என்று அழுத்தட்டும் எனக் காத்திருக்கிறது. ஆனால் அவ்வேலை, கணினியில் யாரும் நுழைந்திராத போதும் பின்னணியில் நடக்கும்படி அமைக்கப்பட்டது. அந்தச் செய்தி எந்தத் திரையிலும் தோன்றாது. செவ்வாய் காலையில் நான் எக்செலை மூடிவிடுகிறேன், கோப்பு விடுபட்டுவிடுகிறது. ஆயினும் யாரும் காணாத அந்தச் செய்தி இன்னும் விடைக்காகக் காத்திருக்கிறது. செவ்வாய் இரவு 10 மணி. முந்தைய வேலை இன்னும் முடியவில்லை. ஆகவே புதியதைத் தொடங்க வேண்டாம் என்பது அமைப்பின் இயல்பான விதி. புதன் இரவும் அப்படியே. மூன்று நாளுக்கு மேல் ஓடும் வேலையை நிறுத்திவிடு என்னும் மற்றோர் இயல்பான விதி வியாழன் இரவில்தான் வந்து அதை முடித்துவைக்கும். அதற்குள் நான் மறுபடியும் எக்செலைத் திறந்துவிட்டிருப்பேன்.

இதில் வேதனை தருவது வேறொன்று. மின்னலுக்கு முன்பே ஒருநாள் ஏதோ தோன்றி அந்தப் பட்டியலைப் பார்த்தேன். 'ஓடிக்கொண்டிருக்கிறது' என்று நிலை காட்டியது. நல்லது, வேலை நடக்கிறது என்று மகிழ்ந்து மூடிவிட்டேன். பகல் பதினொரு மணிக்கு, இரவு வேலை ஏன் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று ஒரு கணம் சிந்தித்திருந்தால் போதும்.

காத்திருப்பதையே இயல்பாகக் கொண்ட கருவிகள் பல உள்ளன என்றார் முன்னாள் மாணவர். விண்டோஸில் கோப்புகளை நகலெடுக்கும் ரோபோகாப்பி என்னும் கருவி, பிடிபட்ட கோப்பைக் கண்டால் 30 வினாடி காத்திருந்து மறுபடி முயலும். வேறு கட்டளை இடாவிட்டால் 10 இலட்சம் முறை முயலும். கணக்கிட்டுப் பார்த்தேன்: ஏறத்தாழ 347 நாள்! ஒரு பள்ளியாண்டையும் தாண்டி, வாய் திறவாமல் அது நின்றுகொண்டே இருக்கும்.

என் கருத்து

இந்நிகழ்வை முன்வைத்து நான் சொல்ல விரும்புவது இதுதான். மூடாமல் விட்டவரைத் தேடுவதில் நாம் காட்டும் சுறுசுறுப்பை, மூடாமல் விட்டாலும் கெடாத ஏற்பாட்டைச் செய்வதில் காட்டுவதில்லை.

மனிதன் மறப்பான். ஐந்து வகுப்புக்குப் பாடம் நடத்தி, போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்து, பெற்றோரைச் சந்தித்துவிட்டு மாலையில் கணினி முன் அமரும் ஆசிரியர் கட்டாயம் மறப்பார். 'மறக்காதீர்' என்று தாள் ஒட்டுவது தீர்வாகாது. தான் திறந்திருக்கிறோம் என்றே அறியாதவருக்கு அந்தத் தாள் எப்படிப் பயன்படும்?

சரி, வேறென்ன செய்யலாம்? எங்கள் பள்ளியில் நாங்கள் செய்த மாற்றங்களைச் சொல்கிறேன். எதற்கும் பெரிய செலவில்லை.

முதலாவது, வரிசையை மாற்றினோம். நகலெடுப்பது முதல் வேலை, சுருக்குவது இரண்டாவது. சுருக்குவது ஒரு வாரம் நடக்காவிட்டால் குடிமுழுகிப் போகாது. நகல் இன்றியமையாதது. இன்றியமையாத வேலையை அவ்வளவு முக்கியமில்லாத வேலைக்குப் பின்னால் கட்டிவைத்ததுதான் நான் செய்த அடிப்படைத் தவறு. யாரேனும் எழுதிக்கொண்டிருக்கும்போது எடுக்கும் நகல் சற்றுக் குறைபட்டதாக இருக்கக்கூடும் என்பது உண்மை. திறந்திருக்கும் கோப்பையும் ஒரு கணத்தில் உறையவைத்துப் படியெடுக்கும் வசதி விண்டோஸில் உண்டு. தெரிந்தவர் உதவியோடு அதையும் அமைத்துக்கொண்டோம்.

இரண்டாவது, காத்திருப்புக்கு எல்லை வைத்தோம். மூன்று நாளை ஒரு மணி நேரமாகக் குறைத்தோம். முடியவில்லையென்றால் அன்றைய வேலை அன்றே தோற்கட்டும். மறுநாள் வேலையையும் சேர்த்துக் கெடுக்க வேண்டாம். எக்செல் இணைப்பும் எண்களை எடுத்தவுடன் விட்டுவிடுமாறு மாற்றப்பட்டது.

மூன்றாவதையே நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். நகல் எடுக்கப்படாவிட்டால் யாரேனும் சொல்வார்கள் என்று காத்திருப்பதை நிறுத்தினோம். அலுவலகத்தில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டின் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. எழுத்தர் நாள்தோறும் காலையில் நகலின் தேதியையும் அளவையும் பார்த்து அதில் எழுதிக் கையொப்பமிடுவார். அரை நிமிட வேலை. கையொப்பம் இல்லாத நாள் என்றால் ஏதோ கெட்டிருக்கிறது என்று பொருள். மாதம் ஒருமுறை அந்த நகலை வேறொரு கணினியில் திறந்தும் பார்க்கிறோம். திறந்து பார்க்காத நகலை நம்புவது, திருத்தாத விடைத்தாளுக்குப் புள்ளி வழங்குவது போன்றது.

"இப்போது எல்லாம் இணையத்தில்தானே?"

இப்படிச் சில நண்பர்கள் கேட்கிறார்கள். அக்செஸ் எல்லாம் பழங்கதை. இணையச் சேவைக்கு மாறிவிட்டால் இத்தொல்லை இல்லை என்பது அவர்கள் எண்ணம். பாதி உண்மைதான். வன்தட்டையும் மின்னலையும் வேறொருவர் பார்த்துக்கொள்வார். ஆனால் திறந்ததை மூடாத நோய் அங்கும் உண்டு. இணையத்தளங்களுக்குப் பின்னால் பெரிதும் பயன்படும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் இயல்பாக 151 இணைப்புகளை அனுமதிக்கும், போஸ்ட்கிரெஸ்க்யூஎல் 100. மென்பொருள் எழுதியவர் திறந்த இணைப்பைத் திருப்பித்தர மறந்தால், சும்மா இருக்கும் இணைப்புகளே எல்லா இடத்தையும் அடைத்துக்கொள்ளும். புதிதாக வருபவருக்கு இடமிராது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் பாதியில் விடப்பட்ட ஒரு செயல், பின்னணியில் நடக்கும் துப்புரவு வேலையையே நிறுத்திவைக்கும். அவ்வாறு சும்மா கிடப்பதைத் தானே துண்டிக்கும் அமைப்பை 2016இல் வெளிவந்த 9.6ஆம் பதிப்பில்தான் சேர்த்தார்கள். அதுவும் நாமாக இயக்கினால்தான் இயங்கும். ஆகவே இடம் மாறுவதால் மட்டும் நோய் தீராது. 'நேற்றைய நகல் எங்கே?' என்று கேட்கும் பழக்கம்தான் மருந்து.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் பள்ளிக்குக் கணினியும் ஒளிப்பெருக்கியும் வாங்கித் தருகின்றன. நாடாவெட்டி, படமெடுத்து, மகிழ்ச்சியோடு ஒப்படைக்கின்றன. நன்றியோடு ஏற்கிறோம். ஆனால் இரண்டாவது வெளி வன்தட்டு ஒன்றையும், மின்னல் தடுப்புக் கருவி ஒன்றையும் வாங்கித் தர வேண்டும் என்று எந்தக் கூட்டத்திலாவது பேசப்பட்டிருக்கிறதா? படமெடுக்கத் தக்க பொருள்களல்ல. ஆனால் உங்கள் பிள்ளையின் ஆறாண்டுப் பதிவு அவற்றை நம்பியே இருக்கிறது. அடுத்த ஆண்டுக்கூட்டத்தில் யாரேனும் ஒருவர் எழுந்து கேளுங்கள்.

மற்றொன்று. வேலை நிமித்தமாக வேறு ஊருக்கு மாறிச்செல்வோர், பள்ளி தரும் விவரத்தை வாங்கும்போது "இது எந்தத் தேதி வரையிலான பதிவு?" என்று தயங்காமல் கேளுங்கள். நாங்கள் கோபித்துக்கொள்ளமாட்டோம். கோபித்துக்கொண்டால் அந்தக் கோபத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. உங்களுக்குத் தரப்பட்ட தேர்ச்சி அறிக்கைகளின் படியை வீட்டிலும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.

நிருவாகத்திற்கும் ஒன்று சொல்வேன். தரவுப் பொறுப்பு என்பது ஓய்வுநேரத்தில் செய்யும் கைவேலையன்று. அப்பொறுப்பை ஏற்கும் ஆசிரியருக்குப் பாடவேளையில் சிறிதேனும் குறைத்து, அவர் விடுப்பில் போனால் பார்த்துக்கொள்ள இரண்டாமவர் ஒருவரையும் நியமிக்க வேண்டும். நான் மட்டுமே அறிந்த ஏற்பாடாக இருந்ததால்தான் என் தவற்றை வேறு யாராலும் கண்டுபிடிக்க இயலாமற்போயிற்று.

முடிவாக

உண்மை தெரிந்த அன்றே தலைமையாசிரியரிடம் சொன்னேன். அடுத்த கூட்டத்தில் எழுந்து, மூடாமல் விட்டவன் நானே என்று கூறி, அந்த ஆசிரியையிடம் அனைவர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பிள்ளைங்களோட குறிப்பு திரும்பக் கிடைக்குமா ஐயா?" என்று மட்டும் கேட்டார். கிடைக்காது என்றேன்.

நினைவிலிருந்து எழுத முடிந்ததை அவர் மீண்டும் எழுதினார். ஊர் மாறிய மாணவனின் புதிய பள்ளியைத் தொலைபேசியில் அழைத்தார். எழுத்து மூலமாக அனுப்புங்கள் என்றார்கள். இரண்டு பக்கம் கைப்பட எழுதி அனுப்பினார். அவன் எந்தெந்தச் சொல்லை எந்த வாரத்தில் வாசித்தான் என்று அதில் எழுதியிருந்தார். எதைக் கொடுத்தால் ஆர்வமாக வாசிப்பான் என்றும் எழுதியிருந்தார். அக்கடிதம் அங்கே எவ்வளவு உதவியது என்பது எங்களுக்குத் தெரியவரவில்லை.

இப்போது அவர் முதலில் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, வெள்ளிதோறும் கணினியில் பதிகிறார். அவ்வாறு செய்யுமாறு நான் சொல்லவில்லை. இரட்டை வேலை என்று தடுக்கவும் எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் பள்ளியின் கடைசி நகல் எந்தத் தேதியுடையது? நாளைக் காலையில் போனவுடன் பாருங்கள். பார்த்தவர்கள் கீழே எழுதுங்கள். மற்ற பள்ளிகளுக்கும் பயன்படும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியன்